துறட்டியில் கட்டிய விளக்கு

பூமிநாதன் நிலாவைத் தூக்கி வேப்பமரத்துக்கு மேலே வைக்கிறார். பிடிக்கவில்லை. இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்துகிறார். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஒடம்பு பத்தல" என்று அதைப் பெருக்க வைக்கிறார். வெளியே காரைக்காலின் நடுப்பகல் வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருக்கிறது. கறுப்புத் திரை இழுத்துவிட்ட ஸ்டூடியோவுக்குள், கணினியில், ராத்திரி தயாராகிறது. "ராத்திரிய நான் பகல்லதாங்க செய்வேன்" என்பது அவர் பேச்சில் அடிக்கடி வரும் வரி.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். உடம்பு முழுக்கப் பைகள் வைத்த கையில்லாச் சட்டையை எந்நேரமும் போட்டிருப்பார். ஒரு பையில் லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணி இருக்கும். இன்னொன்றில் பாக்குப் பொட்டலம். மற்றவை மரியாதைக்காக. முகவரி அட்டையில் பெயருக்கு முன்னால் 'இரவுச் சிற்பி' என்று அச்சிட்டிருக்கிறார். பட்டம் கொடுத்தது ஒரு புகைப்படக் கலைஞர் சங்கம். சங்கத்துக்குத் தலைவர் அவரேதான்.

அவர் செய்வது அடிப்படையில் நேர்மையான தொழில். இருட்டில் ஒரு விளக்கும் அதன் கீழே ஒரு தெருவும் இருந்தால் கேமராவால் இரண்டையும் ஒருசேரப் பார்க்க முடியாது. விளக்குக்கு அளவு வைத்தால் தெரு கரியாகிவிடும். தெருவுக்கு அளவு வைத்தால் விளக்கு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அதனால் கேமராவை ஆடாமல் நிறுத்தி, குறைந்த வெளிச்சத்தில் ஒன்று, கூடுதலில் ஒன்று என்று பல படங்கள் எடுத்து, போட்டோஷாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைக்க வேண்டும். கண் பார்த்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவருகிற வேலை. பூமிநாதன் முதலில் கலங்கரை விளக்கத்தை அப்படித்தான் எடுத்தார். அருமையான படம். ஒருவரும் வாங்கவில்லை.

பிறகு சனிப்பெயர்ச்சி வந்தது. திருநள்ளாற்றில் விடுதி நடத்தும் ஒருவர் பேனருக்காகக் கோபுரத்தின் இரவுப் படம் கேட்டார். படத்தைப் பார்த்தவர், "எல்லாஞ் சரி, சனி எங்கங்க?" என்றார். வானத்தில் ஒரு புள்ளியைப் பூமிநாதன் தொட்டுக் காட்டினார். "இத்துணூண்டா?" என்று விடுதிக்காரர் முகம் சுருங்கியது. அன்றிரவே சனிக்கு வளையம் வந்தது. அடுத்த பெயர்ச்சியில் பூசணிக்காய் அளவுக்கு ஊதியது. இப்போது அது கோபுரத்தை இடித்துவிடும்போலத் தொங்குகிறது. வாயு உருண்டை ஒன்றுக்கு ஊராரின் கல்யாணத் தடையிலும் வேலை மாற்றத்திலும் என்ன அக்கறை என்று கேட்டால், அவருக்குக் கோபமே வராது. "சனி இல்லேன்னா லாட்ஜு ஏதுங்க? லாட்ஜு இல்லேன்னா பேனரு ஏதுங்க?" என்பார். இதைவிட ஒளிவுமறைவில்லாத சோதிட விளக்கத்தை நான் கேட்டதில்லை.

இப்படி வானத்தை ஏமாற்றிக்கொண்டிருந்தவரைத் தரைக்கு இறக்கியது பால்நிலா நகர். ஊருக்கு வெளியே வயலை மேடாக்கி மனை போட்ட இடம். மனை விற்ற நிறுவனம் வரிசையாக விளக்குக் கம்பம் நட்டது. விளக்கு மாட்டவில்லை. ஆனால் விளம்பரத்துக்கு மட்டும் ஒளி வெள்ளத்தில் ஓர் இரவுப் படம் வேண்டுமாம். பூமிநாதன் சளைக்கவில்லை. தேங்காய் பறிக்கும் துறட்டிக் கம்பு ஒன்றின் நுனியில் பேட்டரி விளக்கைக் கட்டினார். முதல் கம்பத்தடியில் அதை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி ஒரு படம். இரண்டாவது கம்பத்தடியில் இன்னொன்று. இப்படியே தெருக்கோடி வரை. பிறகு எல்லாப் படங்களையும் அடுக்கி, ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டார். ஒற்றை விளக்கு தெரு முழுக்க எரிந்தது.

துறட்டியைப் பிடித்தது நௌஷின். அந்த நகரில் முதலில் குடிவந்தவர்களில் ஒருத்தி. டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அன்று மாலை பஸ் இறங்கி, கறுப்புப் பர்தாவோடு நடந்து வந்தவளைப் பூமிநாதன் நிறுத்தினார்.

"தங்கச்சி, செத்த இதப் புடிங்க. கறுப்பு நல்லதாப் போச்சு, படத்துல விழாது."

"எதுக்குண்ணே?"

"படம் வந்துச்சுன்னா, பின்னாடியே லைட்டு வந்துரும்."

நம்பிப் பிடித்தாள். படத்தில் அவள் விழவில்லை. ஓரத்தில் வாய் பிளந்து கிடந்த வடிகாலும் விழவில்லை. அதன்மேல் பூமிநாதன் புல் வளர்த்துவிட்டார்.

நிஜ வடிகாலில் போன மாதம் நௌஷினின் உம்மா சுல்தான் பீவி விழுந்தார். அந்தி நேர மஃரிபு தொழுகைக்குப் பிறகு எதிர்வீட்டுக்குப் போய்த் திரும்பியவர். இடுப்பெலும்பு விட்டுப்போனது. இனி மழைக்காலம். தண்ணீர் நின்றால் தெரு எது, வடிகால் எது என்று தெரியாது. நௌஷின் விளக்குக் கேட்டு அலுவலகத்துக்கு நடந்தாள். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே அதிகாரியின் தலைக்குப் பின்னால், சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, மனை நிறுவனம் அன்பளிப்பாகத் தந்த அதே படம் தொங்கியது.

"அதான் கம்பத்துக்குக் கம்பம் எரியுதேம்மா. இன்னும் என்ன வெளிச்சம் வேணும்?"

"ஒருக்கா நேர்ல வந்து பாருங்க சார்."

"பகல்ல வந்தா எரியுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? பொழுது போனா ஆபீஸ் இல்லியே."

நௌஷின் ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஒட்டுவதற்கு முன்பிருந்த தனித்தனிப் படங்களைக் கேட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விளக்கு, துறட்டியோடு அவள், மற்றபடி இருட்டு. அதை அதிகாரியிடம் காட்டினால் போதும்.

பூமிநாதன் நாற்காலியில் சாய்ந்தார். "அது வேகாத அரிசி தங்கச்சி. பந்தியில வேகாததப் போடுவாங்களா?"

"எங்க உம்மா விழுந்தது அந்த வேகாத தெருவுலதாண்ணே."

"பாவந்தான். ஆனா வெளியில போனா எம்பேரு என்னாவறது?"

ஒரு கிழவியின் இடுப்பையும் தன் பட்டத்தையும் அவர் அடுக்கிப் பார்த்தார். எது மேலே நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை. நௌஷின் கணினித் திரையில் இருந்த நிலாவைப் பார்த்தாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சரிண்ணே, அது கெடக்கட்டும். நாளைக்கு ஒரு எட்டு ஆபீசுக்கு வந்துட்டுப் போங்க. இந்தப் படத்த எடுத்தவரு யாருன்னு அதிகாரி கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றாள்.

மறுநாள் காலை, பைச்சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பூமிநாதன் வந்துவிட்டார். மனைக்காகிதம் ஒன்றுக்காக வரிசையில் நின்றிருந்த நானும் பார்த்தேன். அதிகாரி எழுந்து கைகுலுக்கினார். பூமிநாதன் மறுகையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

நௌஷின் நேரே சுவரருகே போனாள். "அண்ணே, இந்த லைட்டெல்லாம் எரிஞ்சிச்சா? ஒத்த வார்த்த சொல்லுங்க."

"கலைங்கறது என்னான்னா தங்கச்சி..."

"கலைய அப்புறம் பாப்போம். இது என்ன?"

கோடியிலிருந்து இரண்டாவது கம்பத்தை அவள் தொட்டுக் காட்டினாள். விளக்குக்குக் கீழே, கம்பத்தை ஒட்டி, உடம்பில்லாமல் நான்கு விரல்கள் அந்தரத்தில் எதையோ பற்றிக்கொண்டிருந்தன. நுனிகளில் பெருநாள் மருதாணிச் சிவப்பு. எல்லாப் படத்திலும் அவளை அழித்தவர் இங்கே விரல்களை விட்டுவிட்டார். நௌஷின் தன் கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நகங்களில் அந்தச் சிவப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இது கம்பத்துல எரியற லைட்டு இல்ல சார். துறட்டியில கட்டுன ஒத்த லைட்டு. புடிச்சுக்கிட்டு நின்னது நான்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிட்டே வந்தார். குனிந்தார். வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏங்க, விரலு மாதிரில்ல தெரியுது?" என்று பூமிநாதனைத் திரும்பிப் பார்த்தார் அதிகாரி.

பூமிநாதன் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். சுவரை நெருங்கி, அந்த இடத்துக்கு நேராகக் கண்ணாடியில் ஹா என்று ஊதி, அழுத்தித் துடைத்தார். விலகிப் பார்த்தார். விரல்கள் அங்கேயே இருந்தன. மறுபடியும் ஊதித் துடைத்தார்.