மச்சானுக்கு வைத்த டெட் ஸோன்

கடைக்கு வருகிறவர்களின் கையைக் குறை சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். வீடியோ கேம் ரிமோட், ஜாய்ஸ்டிக், ஸ்டியரிங் செட் என்று எது உடைந்து வந்தாலும், "பீஸ்தான் வீக்கு, நீங்க என்ன செய்வீங்க" என்று சொல்லித்தான் வாங்கி வைப்பேன். சுவரில் எறிந்து உடைத்தவனிடமும் அதையேதான் சொல்வேன். தாராவியில் ஒரு பொம்பளை சால்டரிங் கடை வைத்துப் பிழைக்க வேண்டுமானால் வாயை அந்த அளவுக்காவது அடக்கத்தான் வேண்டும். மற்றபடி என் வாய் சும்மா இருக்காது.

கூடப் பிறந்த அக்காவை நாங்கள் லாத்தா என்போம். லாத்தாவின் மாப்பிள்ளை எனக்கு மச்சான். சுனாபட்டியில் வீடு, ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். காலையில் தாராவியில் ஆரம்பித்து, சயன் வழியாக செம்பூர் வரைக்கும் பதினாலு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். அதில் ஒருத்தி என் மகள். இரண்டாம் வகுப்பு. டிரைவருக்குப் பின் சீட்டுக்காக தினமும் சண்டை போடுகிறவள்.

மச்சானும் நானும் கேலி இல்லாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. கொழுந்தியா மச்சானை வாருவாள், மச்சான் திருப்பி வாருவார், எங்கள் பக்கத்தில் அப்படித்தான். "வழுக்கையில லைட் அடிக்குது மச்சான், கண்ணு கூசுது" என்பேன். "அந்த வெளிச்சத்துலதான் உங்க லாத்தா சோறு பொங்குதா" என்பார். லாத்தா எங்கள் இரண்டு பேரையும் திட்டுவாள்.

மச்சானுக்கு விமானப் பைத்தியம். வீட்டுக்கு மேலே ஒன்று தாழ்ந்து போனால் சோற்றுக் கையோடு ஜன்னலுக்கு ஓடுவார். ஒருநாள் பங்கார்க்காரனின், அதாவது பழைய சாமான் பொறுக்குகிறவனின், கோணியில் ஒரு நல்ல ஜாய்ஸ்டிக் கிடந்தது. அதைச் சுத்தம் பண்ணி, அவர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டரும் ஏற்றிக் கொடுத்தது நான்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்று முடித்ததும் ஸ்டிக்கைப் பிடித்துவிடுவார். கடல்மேல் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து, பம்பாயில் இறக்கிய பிறகுதான் எழுந்திருப்பார்.

நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு ஞாயிறு என்னைக் கூப்பிட்டார். "ஏ புள்ள, ஒன் ஸ்டிக்கு தானா ஆடுதே."

போய்ப் பார்த்தேன். ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்ட, செட்டிங்க்ஸ் பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி உண்டு. நடுவில் நிற்க வேண்டிய அந்தக் குறி, மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி வெடவெடவென்று ஆடியது. தேய்மானம்தான் என்று நினைத்து டெட் ஸோன் வைத்தேன். அதாவது நடுவில் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் ஸ்டிக் என்ன ஆட்டம் ஆடினாலும் விமானத்துக்குத் தெரியாது. குறி ஆடிக்கொண்டேதான் இருந்தது. விமானம் நேராகப் போனது.

"ஏக்தம் சீதா, ஒரே நேரு" என்று மச்சான் மீசையைத் தடவிக்கொண்டார்.

இரண்டு மாசத்தில் மறுபடி கூப்பிட்டார். வட்டத்தைப் பெரிசாக்கினேன். அப்புறம் கர்வ் என்கிற கோட்டில் கை வைத்தேன். கை இவ்வளவு அசைந்தால் விமானம் இவ்வளவு திரும்பும் என்று சொல்கிற கோடு அது. அதை நடுவில் படுக்கவைத்தால் சின்ன அசைவெல்லாம் மங்கிப்போகும். படுக்கவைத்தேன். உள்ளே இருந்த சென்ஸாரையும் கழற்றிப் புதுசு போட்டேன். அப்போதும் ஆடியது. போதாததற்கு விமானம் மூக்கைத் தொங்கப்போட ஆரம்பித்தது. யாரோ ஸ்டிக்மேல் பாரத்தைச் சாய்த்துக்கொண்டு இருப்பதுபோல. அதற்கு டிரிம் இருக்கிறது, கையால் இழுத்துப் பிடிக்காமலே மூக்கை நிமிர்த்தி வைக்கிற அளவு. அதைக் கொஞ்சம் ஏற்றினேன். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் "சரியாயிட்டு மச்சான்" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வருவேன்.

கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பங்கார் பீஸ் என்னை இத்தனை மாசம் முட்டாளாக்குவதா? ஒரு ஞாயிறு அவரை ஓட்டச் சொல்லி, ஸ்டிக்கின் அசைவு முழுவதையும் ரிக்கார்ட் பண்ணிக்கொண்டேன். ஸ்டிக்கையும் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தேன்.

திங்கட்கிழமை பதினோரு மணி இருக்கும். ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு, ஸ்டிக்கை லேப்டாப்பில் மாட்டி மேஜைமேல் வைத்தேன். குறி நடுவில் நின்றது. ஒரு மணி நேரம் பார்த்தேன். ஊசிமுனை அளவுகூட அசையவில்லை. ஸ்டிக்கில் கோளாறே இல்லை.

அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, ரிக்கார்ட் பண்ணினதை ஓட்டினேன். குறி ஆடத் தொடங்கியது.

கெட்டுப்போன பீஸுக்குத் தாளம் கிடையாது. இஷ்டத்துக்குத் துள்ளும், நிற்கும், ஒரு பக்கமாக இழுக்கும். இதற்குத் தாளம் இருந்தது. மொபைலில் நொடியைப் பார்த்து எண்ணினேன். நொடிக்கு ஐந்து. மறுபடி எண்ணினேன். ஐந்து. விமானத்தை இறக்க அவர் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்த இடம் வந்தபோது ஆட்டம் சட்டென்று நின்றது. இறக்கி முடித்துக் கையைத் தளரவிட்ட இடத்தில் மறுபடி வந்தது. வேலை நடக்கும்போது ஒளிந்துகொண்டு, ஓய்ந்ததும் தலையை நீட்டுகிறது.

மச்சான் அந்த நேரம் செம்பூரில் ஸ்கூல் வாசலில் வேனுக்குள் இருந்திருப்பார். ஸ்டிக் பைக்குள் கிடந்தது. அவருடைய கை என் கடையில், என் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன். மூடிய பிறகும் உள்ளே அது ஆடிக்கொண்டிருக்கும் என்றே தோன்றியது. கடையை அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்குப் போய் நின்றேன்.

ஒன்றரைக்கு வேன் வந்தது. மகள் குதித்து இறங்கினாள். மச்சானின் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆட்டமே இல்லை. கிட்டே போய் மெதுவாகச் சொன்னேன். "மச்சான், ஸ்டிக்கு நல்லாத்தான் இருக்கு. ஒங்க கைதான் ஆடுது."

அவர் சிரித்தார். "கொழுந்தியாளப் பாத்தா எந்த மச்சானுக்குத்தான் ஆடாது?" என்று சொல்லி கியரைப் போட்டார்.

காலமெல்லாம் கேலியாகவே பேசிப் பழகிவிட்டு, ஒருநாள் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? லாத்தாவிடம் சொல்லவும் மனசு வரவில்லை. அந்த வேனை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்த வாரம் முழுக்க என் மகளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் வைத்துக்கொண்டேன். மற்ற பதிமூன்று பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். தினமும் காலையில் வேன் தெருவைத் தாண்டும்போது கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இதைவிட வெட்கக்கேடு என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சுனாபட்டிக்குப் போனேன். லாத்தா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கை மாட்டி, நான் வைத்த டெட் ஸோனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். கோட்டை நேராக்கினேன். டிரிம்மை எடுத்துவிட்டேன். "ஓட்டுங்க மச்சான்" என்றேன்.

கடலுக்கு மேலே ஏறியதும் விமானம் நடுங்க ஆரம்பித்தது. இரண்டு இறக்கையும் மேலும் கீழும், மேலும் கீழும், நொடிக்கு ஐந்து. மூக்கு மெல்ல மெல்லத் தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்தது.

"சரி பண்ணலியா புள்ள?"

நான் ஸ்டிக்கை வாங்கிப் பிடித்தேன். விமானம் அடங்கியது. தண்ணீருக்கு மேலே நேராகப் போனது. திரும்ப அவர் கையில் கொடுத்தேன். நடுங்கியது. மறுபடி வாங்கினேன், அடங்கியது. மறுபடி கொடுத்தேன். ஏதாவது சொல்லி வாருவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. விமானம் கடலுக்குள் போய், திரை அப்படியே நின்றுவிட்டது.

மச்சான் ஸ்டிக்கை என் பக்கம் தள்ளிவைத்தார். "எனக்குத் தெரியும் புள்ள. டீ கிளாஸப் புடிச்சாலே தெரியும்."

"தெரிஞ்சுமா வண்டி எடுத்தீங்க?" என்றேன். கோபத்தில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை இத ஓட்டிப் பாப்பேன். நேரா போச்சுன்னா திங்கக்கிழமை வண்டி எடுக்கலாம், கையி இன்னும் நம்ம கையிதான்னு ஒரு கணக்கு. ஒவ்வொரு தடவையும் நேராத்தான போச்சு? நீதான சரியாயிட்டுன்னு சொன்ன?"

இத்தனை மாசமாக நான் ரிப்பேர் பண்ணினது ஸ்டிக்கை அல்ல. அவர் தன்னைத் தானே சோதித்துப் பார்க்க வைத்திருந்த ஒரே பரீட்சையில், வாராவாரம் நான் பொய் மார்க் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அவர் குரலை இறக்கினார். "இன்னிக்கு ஒருதடவ மட்டும் பழையபடி போட்டுக் குடு. நேரா ஓட்டிட்டு நாளைக்கு வண்டிய எடுத்துக்கிடுதேன். இந்த மாசம் முடியட்டும், வேற டிரைவரப் பாத்துருதேன்."

"நாளைக்குமா ஓட்டப் போறீங்க? நான் போட மாட்டேன் மச்சான். சாவியக் குடுங்க."

அடுக்களைப் பக்கம் ஒருதடவை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். கொத்தில் இருந்த நாலைந்து சாவியும் ஒன்றோடொன்று மோதி ஓயாமல் சத்தம் போட்டன. லாத்தாவுக்குக் கேட்டுவிடும் என்று பயந்து, சாவியோடு சேர்த்து அவர் கையை என் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். சத்தம் நின்றது. ஆட்டம் என் கைக்குள் நிற்கவே இல்லை.