எஸ்தர் கொண்டுவந்த வினைச்சொல்

திருப்பதியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் காலை வெயில் காய்ந்துகொண்டிருந்தபோதுதான் சித்தூரிலிருந்து போன் வந்தது. எஸ்தர் தூக்கத்திலேயே போய்விட்டாள். அழுதேன். ஆனால் எழுந்து கீழே போகவில்லை. போயிருந்தால் அவள் என்னைத் திட்டியிருப்பாள்.

அவளை நினைத்து இங்கே கூடியிருக்கிற, சித்தூர் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், யாரும் சீண்டாத ஆங்கிலச் சொற்கள் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. கணக்கு டீச்சரான நான்தான் அகப்படுவேன். "இத கேளு கோமளா" என்று டிபன் பாக்ஸைத் திறக்கவிடாமல் ஆரம்பித்துவிடுவாள்.

என் கணவர் இறந்த பிறகு நான் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். துணைக்கு வந்திருந்த நாத்தனார் நல்லவர்தான், ஆனால் ஊர் வாய்க்கு நடுங்குகிறவர். ஜன்னலைத் திறந்தாலே, "அக்கம்பக்கத்துல பாத்துக்கினு இருக்காங்க" என்று சாத்திவிடுவார். எனக்குச் சோறு இறங்கவில்லை, பேச்சும் நின்றுபோனது. எஸ்தர் பஸ் ஏறி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்தாள். நாத்தனார் குறுக்கே நின்றார்.

"இன்னாம்மா இது? இந்த நெலமையில மாடிக்கா?"

"அவ தெனமும் அப்ரிகேட் பண்ணணும்க்கா. இல்லன்னா ஒடம்பு கெட்டுடும்" என்றாள் எஸ்தர், பெரிய டாக்டர் மாதிரி.

"ஐயோ, அவ்ளோ ஆயிடுச்சா?" என்று நாத்தனாரே நாற்காலியை மேலே தூக்கி வந்தார்.

அவர் இறங்கிய பிறகு எஸ்தர் அர்த்தம் சொன்னாள். வெயில் காய்வதுதானாம் அது. லத்தீனில் வெயில் விழும் இடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். அதற்கும் மூலம் 'திற' என்பதாக இருக்கலாமாம். "இன்னொரு அர்த்தமும் இருக்கு. ஒண்ண எடுத்துக்கினு வந்து வெயில்ல வெக்கறது. காயறது உன் வேல. காய வெக்கறது என் வேல."

"அப்ப நான் இன்னா வடாமா?" என்று கேட்டேன். இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அன்று சாயங்காலம் விசாரித்த பக்கத்து வீட்டம்மாவிடம், நான் அப்ரிகேட் செய்துகொண்டிருப்பதாக, "அப்ரிகேட் சேஸ்துன்னாரு" என்று நாத்தனார் தெலுங்கில் கவலையோடு சொல்ல, அந்தம்மா நோயாளிக்கென்று சாத்துக்குடி கொடுத்தனுப்பினார். அதன்பின் தினமும் மாடிக்குப் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

துணைக்கு வந்த நாத்தனார் இங்கேயே தங்கிவிட்டார். எஸ்தர் போன செய்தி கேட்டு நான் அழுத சத்தத்தில் மேலே ஏறி வந்தவர், இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது வைத்தியம் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் கோமளா. நீ சிரிச்ச பாரு, கீழ கேட்டுது. அதான் பக்கத்து வீட்டுலயும் அப்படியே சொன்னேன்."

எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வினைச்சொல். அதை இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து செய்கிறோம்.

"கொஞ்சம் நகரு" என்றார் நாத்தனார். "எனக்கும் வெயில் வுடு."