சந்தனம் வைத்த சர்வர்

பல்கலைக்கழக இணையதளத்தின் பொறுப்பு என்னிடம் வந்ததற்கு ஒரே காரணம் என் தமிழறிவு. ஒரு கூட்டத்தில் யாரோ "இதையெல்லாம் அப்லோடு பண்ணணும்" என்றார்கள். சும்மா இருந்திருக்கலாம். "பதிவேற்றம்" என்றேன். இன்னொருவர் "சர்வர்" என்றார். "வழங்கி" என்றேன். தேநீர் வருவதற்குள் நான் இணையதள ஒருங்கிணைப்பாளர். தமிழ்த்துறையில் இருபது வருடம் இலக்கணம் நடத்தியவனுக்கு ஒரு பொருளின் பெயர் தெரிந்தால் பொருளும் தெரிந்திருக்கும் என்று நம்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் நானும் நம்பினேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல்முறை ஒரு சுற்றறிக்கையை நானே ஏற்றிவிட்டு, கைபேசியில் திறந்து பார்த்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனையூரில் என் வீட்டு மொட்டைமாடியில் நின்றுகொண்டு விடுதிக் கட்டண அறிவிப்பை மறுபடி மறுபடி திறந்தேன். நான் எழுதிய கட்டுரை எதையும் நானே அத்தனை தடவை படித்ததில்லை. அதில் ஒரு தேதி தப்பாக இருந்தது. திருத்தி ஒரு பொத்தானை அமுக்கினேன். உலகம் முழுவதும் தேதி மாறிவிட்டது! அச்சுப்பிழைக்காகப் பல வருடம் தலைகுனிந்து நடந்த மனிதனுக்கு இது எப்பேர்ப்பட்ட அதிகாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

உண்மையில் வேலை பார்த்தவர் கணினி மையத்து ஊழியர் ஒருவர். வளாகத்தில் எல்லோருக்கும் அவர் 'சர்வர் அண்ணன்'. கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆள். சர்வர் அறைச் சாவி அவரிடம் மட்டும்தான் இருக்கும். நான் ஒருங்கிணைப்பேன், அவர் ஓடவைப்பார்.

இந்த ஏற்பாட்டுக்குள் வந்து சேர்ந்தவர் புவியியல் துறையில் முனைவர் பட்டம் முடித்த ஒரு பெண். அவரும் கொட்டாம்பட்டி வட்டாரம்தான். அப்பா அம்மா பிறர் வயலில் கூலிக்குப் போய் இவரைப் படிக்கவைத்திருக்கிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களை எல்லாம் ஒரு வரைபடமாக்கி, இணையப் பக்கமாகச் செய்திருந்தார். ஒரு கண்மாயைத் தொட்டால் அது எந்த வருடம் எவ்வளவு நிரம்பியது, எங்கே மடை அடைபட்டது என்று எல்லாம் விரியும். பார்த்துவிட்டு அன்று நான் மதிய சாப்பாட்டை மறந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாராட்டு என்று புரியும்.

அதை வைத்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேலாய்வுக்கு விண்ணப்பித்திருந்தார். "பக்கத்தை எங்கே வைக்கலாம் சார்?" என்று கேட்டபோது, "நம்ம சர்வர்லயே வை. பல்கலைக்கழக முகவரின்னா ஒரு மரியாதை" என்றவன் நான். நேர்காணல் வீடியோவில். தேர்வுக்குழுவினர் அவரவர் கணினியில் அந்த இணைப்பைத் திறந்து, தட்டிப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பார்கள். பக்கம் திறந்தால் வேலை, திறக்காவிட்டால் வெறும் பேச்சு. அவர்கள் குறித்த நாள் நமக்கு ஆயுத பூஜை. அவர்களுக்கு அது வெறும் புதன்கிழமை.

பூஜைக்கு முந்தின நாள் மத்தியானமே அலுவலகங்களில் கும்பிட்டு முடித்துவிடுவது எங்கள் வழக்கம். அந்த வருடம்தான் சர்வர் என் அறைக்குப் பக்கத்து அறைக்குக் குடிவந்திருந்தது. விட முடியுமா? பொரி, சுண்டல், வாழைக்கன்று எல்லாம் தயார். சந்தனம் வைக்கும் கௌரவம் ஒருங்கிணைப்பாளருக்கு. கறுப்பாக, அலமாரிபோல நின்ற அந்த இயந்திரத்துக்கு நெற்றி எது என்று தேடினேன். முன்பக்கம் லேசாகக் குழிந்து வட்டமாக ஓர் இடம், பொட்டுக்கென்றே செய்ததுபோல. கட்டைவிரலால் நன்றாக அழுத்திச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் இட்டேன். மணியடித்தார்கள். படம் எடுத்தேன். சர்வர் அண்ணன் அறையைப் பூட்டிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினார்.

மறுநாள் காலை அந்தப் படத்தை எங்கள் இணையதளத்தில் ஏற்றலாம் என்று உட்கார்ந்தேன். தளம் திறக்கவில்லை. வீட்டு இணைப்பைத் திட்டினேன். கைபேசியில் பார்த்தேன், அதிலும் இல்லை. அதற்குள் அந்தப் பெண்ணிடமிருந்து அழைப்பு.

"சார், பக்கம் வரல."

"எங்கேயுமேவா?"

"யுனிவர்சிட்டியே வரல சார்."

சர்வர் அண்ணனை அழைத்தால் கைபேசி அணைந்திருக்கிறது என்றது குரல். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பூஜையில் வைத்த கருவி ஓய்வெடுக்க வேண்டும் என்று மனிதர் சர்வரை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்! அறிவியல் மனப்பான்மை பற்றி மனதுக்குள் ஓர் உரை தயாரித்துக்கொண்டே அவர் ஊருக்குக் காரை எடுத்தேன். அந்தப் பெண் மாட்டுத்தாவணியில் மடிக்கணினிப் பையோடு நின்றிருந்தார். ஏறியதும், "அஞ்சு மணிக்கு சார்" என்றார். மேலூர் தாண்டும்வரை கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தார். நெடுஞ்சாலையில் எதிரே வந்த பஸ், லாரி எல்லாம் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, மாப்பிள்ளைகள்போல வந்தன.

சர்வர் அண்ணன் ஊர் டீக்கடையில், "யுனிவர்சிட்டியில கம்ப்யூட்டர் பாக்குறவர் வீடு எது?" என்று கேட்டேன்.

"மிக்சி ரிப்பேர் பாக்குமே, அதுவா?"

"நம்ம மாப்ளயத்தான்டா கேக்குறாக," என்றார் பெஞ்சில் இருந்தவர். "நேராப் போயி, தொட்டி தாண்டி மூணாவது வீடுண்ணே."

சர்வர் அண்ணன் வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையில் குழாயோடு அப்படியே நின்றார். என் காலணி நனைந்தது.

"ஐயா! என்னங்கய்யா இம்புட்டுத் தூரம்?"

"சர்வரை ஏன் நிறுத்துனீங்க?"

"நான் எங்கய்யா நிறுத்துனேன்? அத நிறுத்துனா யுனிவர்சிட்டியே படுத்துருமே!"

"படுத்துத்தான் கெடக்கு," என்றார் அந்தப் பெண்.

சர்வர் அண்ணன் குழாயைக் கீழே போட்டார். உள்ளே ஓடினார், அதே வேகத்தில் திரும்பினார். சாவி, கைபேசி, திருப்புளி, பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாம் சாமி படத்தின் முன்னால் பூஜையில் இருந்தன. முன்னால் அவர் மனைவி இருந்தார்.

"பூஜையில வச்சத நாளைக்கு மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும்," என்றார் அவர். "இன்னைக்குத் தொட்டா வருசம் பூரா வெளங்காது."

நான் என் உரையைத் தொடங்க வாயைத் திறந்தேன். நல்லவேளை, அந்தப் பெண் முந்திக்கொண்டார்.

"அக்கா, அந்தக் காரைப் பாருங்க. நேத்து பூஜை போட்ட காருதான். சந்தனங்கூடக் காயல. வர்ற வழியெல்லாம் பஸ்ஸு மாலை போட்டுக்கிட்டுத்தான் ஓடுது. பஸ்ஸு ஓடலாம், சாவி ஓடக்கூடாதாக்கா?"

"வண்டி வேற, சாவி வேற."

"வண்டிக்கும் சாவி இருக்குல்லக்கா?"

அந்த அம்மாள் ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். "வெவரந்தான் நீ. எந்த ஊரு?" ஊரைச் சொன்னதும், "அட, அடுத்த கண்மாய்க்காரியா!" என்று கற்பூரத்தை எடுத்தார். மறுபூஜை நாளைக்குத்தான் நடக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லையாம். அங்கேயே நடந்தது. தட்டைக் காட்டி, விபூதி கொடுத்து, சாவியைக் கணவர் கையில் வைத்தார். ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் குடிக்காமல் நகரக்கூடாது என்றார். அந்த மோரை அவ்வளவு வேகமாக யாரும் குடித்திருக்க மாட்டார்கள்.

திரும்பும் வழியெல்லாம் சர்வர் அண்ணன் காரணம் தேடினார். கரண்ட் போயிருக்குமோ, பேட்டரி போயிருக்குமோ, எலி கடித்திருக்குமோ. எலிமேல் எனக்கும் பலமான சந்தேகம் வந்தது. ஆரப்பாளையம் நெரிசலில் பூசணிக்காய் உடைத்து வைத்திருந்த இடங்களை வளைந்து வளைந்து கடந்தோம். பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தபோது நாலரை.

கதவைத் திறந்தார். விளக்கைப் போட்டார். கரண்ட் இருந்தது. பேட்டரி நன்றாக இருந்தது. எலி இல்லை. இயந்திரத்தின் முன்னால் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஐயா," என்றார் மெதுவாக. "பொட்டு வச்சது நீங்கதான?"

"ஆமா."

"இதுதாங்கய்யா பவர் பட்டன்."

காய்ந்த சந்தனத்தின்மேல் என் கட்டைவிரல் ரேகை, பத்திரப்பதிவு அலுவலகத்தில் வைத்ததுபோலத் துல்லியமாகப் பதிந்திருந்தது. அறிவியல் மனப்பான்மை பற்றிய உரையை அங்கேயே கைவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சந்தனத்த யாராச்சும் சொரண்டுங்க சார்," என்றார்.

சுரண்டினேன். சர்வர் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினார். மின்விசிறிகள் ஊவென்று எழுந்தன. பிறகு அது தன் வட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல, நிதானமாக, ஒன்றுவிடாமல். மணி ஐந்தடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது தளம் திறந்தது. அந்தப் பெண்ணைப் பக்கத்திலிருந்த என் அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினோம்.

எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "வாங்கய்யா, ஒண்ணு காட்டுறேன்," என்று அண்ணன் திரையில் எதையோ தட்டினார். தளத்தில் யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அங்கே ஒரு வரி ஓடுமாம். இத்தனை நாள் ஒருங்கிணைத்தவனுக்கு இது தெரியாது. விடுமுறை நாள், வரி எதுவும் இல்லை. பிறகு ஒன்று வந்தது. வெளிநாட்டு முகவரி.

"வந்துட்டாங்க!"

அடுத்தடுத்து வரிகள். முகப்பு. வரைபடம். ஒரு கண்மாய். இன்னொரு கண்மாய். ஏதோ ஒரு தேசத்தில் யாரோ ஒரு பேராசிரியர் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தார். நான் வாடிவாசலில் நிற்பவன்போல நின்றேன். "அடுத்தது போறார், அடுத்தது போறார்!" திடீரென்று ஒரு வரி வேறு மாதிரி வந்தது. அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அனுமதி இல்லைன்னு வந்திருக்கு. கடைசியா ஏத்துன ஃபோல்டரை வெளியாளுக்குத் தெறந்துவிடல இந்தப் புள்ள!"

"திறங்க!"

"தெறக்குறேன், கத்தாதீங்க!"

கத்தியது அவர்தான். தட்டினார். திறந்துவிட்டது. ஆனால் அந்த மனிதர் மறுபடி முயன்றால்தானே தெரியும்? வரிகள் நின்றுவிட்டன. "ஒருக்கா தட்டுங்க சாமி," என்று அண்ணன் திரையைப் பார்த்துக் கெஞ்சினார். "ஒரே ஒருக்கா ரிஃப்ரெஷ் பண்ணுங்க. தெறந்திருச்சு, தெறந்திருச்சுங்க!" நானும் சேர்ந்து கத்தினேன். "தெறந்திருச்சு!"

வரி ஓடியது. பக்கம் போய்ச் சேர்ந்தது. நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். வயதுக்கோ பதவிக்கோ பொருந்தாத காட்சி.

முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பெண் வெளியே வந்தார். முகம் வியர்த்து, கண் மின்னியது.

"நடுவுல ஒருத்தர், இந்தப் பக்கம் திறக்கலையேன்னார் சார். இன்னொரு தடவை முயன்று பாருங்கன்னேன். திறந்துச்சு."

"எந்த தைரியத்துல சொன்னே?"

"நீங்க ரெண்டு பேரும் கத்துனது சுவரைத் தாண்டிக் கேட்டுச்சு. அவங்களுக்கும் கேட்டுருச்சு. என்ன சத்தம்னு கேட்டாங்க. டெக்னிக்கல் டீம்னு சொன்னேன்."

அந்தப் பட்டத்தை நான் இன்றுவரை யாரிடமும் மறுக்கவில்லை.

இடம் கிடைத்துவிட்டது. கிளம்புவதற்கு முன் அந்தப் பக்கத்தின் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஊரில் மழை பெய்தால் அங்கிருந்து செய்தி வருகிறது: "சார், கண்மாய் நெறஞ்சிருச்சாம். இன்னும் பழைய அளவே காட்டுது." நானும் சர்வர் அண்ணனும் உட்கார்ந்து எண்ணை மாற்றுகிறோம். மாற்றி முடித்ததும், சொல்லி வைத்ததுபோல, ஒரு வரி ஓடுகிறது. அங்கே இப்போது விடிந்திருக்காது. இருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறார்.