சங்க அறையில் களிமண்

சங்கமித்ராவை அடக்கமான பெண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் கக்கூஸ் போவதற்கு டோக்கன் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அந்த டோக்கனை சூப்பர்வைசரின் டீ கிளாசில் போட்டுவிட்டு வெளியே வந்தவள் அவள். வேலை போனது. தொண்ணூற்று நான்காம் வருஷம். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் தொழிற்சங்க அறை பகலெல்லாம் பூட்டிக் கிடந்தது.

"அண்ணா, சாவியக் குடுங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடம் நடத்தறேன்" என்றாள். கொடுத்தோம்.

எங்கள் சந்தில் பாதிப்பேர் கட்டிட வேலைக்குப் போகிறவர்கள். ஊர் மாடி மாடியாக எழும்பிக்கொண்டிருந்த காலம். அஸ்திவாரம் தோண்டிய மண்ணைத் தலையில் சுமந்து கொட்டியது எங்கள் சந்துப் பெண்கள். சங்கமித்ராவின் அம்மாவும் சுமந்தவள்தான்.

அப்படிப்பட்டவள் எடுத்த முதல் பாடமே கல்லும் மண்ணும். செம்மண் ஒரு தட்டு, ஆற்று மணல் ஒரு தட்டு, அல்சூர் ஏரிக்கரையிலிருந்து பையில் கட்டிவந்த களிமண் ஒரு தட்டு. பிள்ளைகள் தண்ணீர் விட்டுப் பிசைந்து பாம்பு உருட்ட வேண்டும். மணல் பாம்பு கையிலேயே உதிரும். செம்மண் பாம்பு கொஞ்சம் நீண்டு ஒடியும். களிமண் பாம்பு மட்டும் வளைந்து சுருண்டு படுக்கும். ஏன் என்று பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். கருங்கல் ஜல்லியை வெயிலில் திருப்பிப் பார்த்து, அதில் மின்னுவது என்ன என்று சண்டை போட வேண்டும். சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

ஒரு வாரம் கூட ஆகவில்லை, தாய்மார்கள் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் மரகதம், சித்தாள். தலையில் சும்மாட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. அவள் மகள் சிந்து முழங்கை வரை சேற்றோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா டீச்சர் இது? காலைலேர்ந்து நான் மண்ணு சொமக்கறேன். இவளும் சொமக்கறதுக்கா உன்கிட்ட அனுப்பிச்சேன்?"

"சொமக்கச் சொல்லலக்கா. இன்னா மண்ணுன்னு பாக்கச் சொன்னேன்."

"பாத்து இன்னா கிழிக்கப் போறா? ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்குடு. பிரேசர் டவுன்ல டை கட்டிக்கினு ஸ்கூலுக்குப் போவுதுங்களே, அதுங்க மண்ணத் தொடுதா? மொதல்ல அதுங்க தொடட்டும். அப்பால எம்பொண்ணு தொடட்டும்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். திங்கட்கிழமைக்குள் மண் போகாவிட்டால் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றார்கள். பிள்ளைகள் நின்றால் பள்ளியே இல்லை. எங்கள் கமிட்டியிலும் முனகல். பொருளாளர் எத்திராஜ் நேரே வந்து சொன்னார்: "செவுரு பூரா சேறும்மா. சார்ட் மாட்டி சொல்லிக் குடேன்."

"சார்ட்டுல இருக்கற மண்ணு விரல்ல ஒட்டுமாண்ணா? பள்ளிக்கூடத்த மூடினாலும் மூடுவேன். மண்ண எடுக்க மாட்டேன்."

மரகதமும் குறைந்தவள் இல்லை. ஒரு பொருளைச் சுமந்தே கழுத்து தேய்ந்தவளுக்கு அதைக் கண்டாலே எரியும். அதை அறியாமை என்று பேசுகிறவன் ஒருநாள் சுமந்து பார்க்கட்டும். துண்டுப் பிரசுரம் அடித்து மாற்றுகிற விஷயமும் அல்ல. சங்கமித்ரா அவளோடு வாதம் செய்யவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை பிரேசர் டவுனில் ஓர் இங்கிலீஷ் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. யாரும் வரலாம் என்று கேட்டில் பேனர் தொங்கியது.

"வாக்கா, டை கட்டின பிள்ளைங்க தொடுதா இல்லயான்னு நேர்லயே பாத்துடலாம்" என்றாள் சங்கமித்ரா.

மரகதம் லீவு போட்டுவிட்டு வந்தாள், ஜெயித்துவிட்ட முகத்தோடு. பிள்ளைகளும் வந்தார்கள். சங்கமித்ராவின் இடுப்பில் ஈரத்துணி போர்த்திய களிமண் தட்டு.

உள்ளே கல்லெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தெர்மோகோலில் ஒட்டி, கீழே பேர் எழுதி, தொடக்கூடாது என்று ஓர் அட்டை.

"பாத்தியா? தொடல" என்றாள் மரகதம்.

சங்கமித்ரா வராந்தாப் படியில் உட்கார்ந்து துணியை எடுத்தாள். எங்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்ற வரிசையிலிருந்து ஒரு பையன் நழுவி வந்தான். பின்னாலேயே இரண்டு பெண்கள். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் குனிந்தார்கள். சிந்து தன் மண்ணில் பாதியைப் பிய்த்து அந்தப் பையனிடம் கொடுத்தாள்.

தலைமை ஆசிரியர் தியோடர் கோட்டோடு ஓடிவந்தார். "யாரும்மா நீங்க? எங்க சில்ட்ரன் கையப் பாருங்க!"

"மண்ணுதான் சார். கழுவினா போயிடும்."

அவர் எங்கள் பிள்ளைகளைப் பார்த்தார். சிமெண்ட்டில் வெடித்த மரகதத்தின் காலைப் பார்த்தார். குரலைத் தணித்து, நல்லது சொல்கிற மாதிரியே சொன்னார்: "உங்க பிள்ளைங்களுக்கு இது ஓகேம்மா. நாளைக்கு அவங்க செய்யப்போற வேலைதானே. எங்க சில்ட்ரன் வேற. எழுந்திருங்க எல்லாரும்."

சிந்து பாதிப் பாம்போடு எழுந்துவிட்டாள்.

மரகதம் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். அதையே ஒரு கோட்டு வந்து முடிவாகச் சொன்னதும் அவளுக்குத் தாங்கவில்லை.

"இன்னா சார் சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

"தப்பா எடுத்துக்காதம்மா, நான்..."

"எம்பொண்ணு இன்னா வேலைக்குப் போவான்னு நீ யாரு சொல்றதுக்கு? இங்க பாடம் நடக்குது. முடிஞ்சதும் போவோம்." மகள் பக்கம் திரும்பினாள். "உக்காருடி. பாம்ப முடிச்சிட்டு எழுந்திரு."

தியோடர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வாட்ச்மேன் வந்தார். மரகதம் அவரிடம் கன்னடத்தில், பாடம் முடியட்டும் அண்ணா என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்கே திரும்பிவிட்டார்.

சிந்து முடித்தாள். தட்டைச் சுற்றி வளைக்கிற அளவுக்கு நீளம். டை கட்டிய பையனின் பாம்பு அதில் பாதிகூட இல்லை. அவன் இன்னும் கொஞ்சம் மண் கேட்டான்.

வெளியே வந்ததும் மரகதம் சொன்னாள்: "திங்கக்கெழம இவ வருவா. கை கழுவ சோப்பு வெச்சிடு."

"வெக்கறேன்க்கா. இந்தத் தட்ட கொஞ்சம் புடியேன்."

"நீயே தூக்கு டீச்சர். நான் இன்னிக்கு லீவு."