ஒருநாளும் லீவு போடமாட்டேன்

பள்ளி திறந்த வாரம், இந்த வருடம் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பாட்டாக எழுதிவரும்படி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்கள். என் மகள் எழுதியதை என் அப்பா சத்தமாக வாசித்தார். எழுத்துக்கூட்டி இழுக்கும் அந்தக் குரல் என்னை என் ஐந்தாம் வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டது.

எங்கள் டீச்சரும் அப்படித்தான் எழுதச் சொன்னார். "மழை வந்தாலும் வருவேன், மணியடிக்கும் முன்னே வருவேன், ஒருநாளும் லீவு போடமாட்டேன்" என்று எழுதினேன். அப்பா அதை இதே குரலில், ஒட்டியொட்டி இருந்த லைன்வீடுகள் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

பத்தே நாளில் அம்மா படுத்துவிட்டாள். அவளுக்குப் பதிலாக அப்பா என்னைப் பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டக் கூட்டிப்போனார். "ஒரு மாசந்தான் கண்ணு" என்றார். துணித்தூசி மூக்கில் ஏற, நாளெல்லாம் தொங்கும் நூலை வெட்டினேன்.

டீச்சர் வீடு தேடி வந்தார். "நல்லா எழுதற புள்ளைங்க, அனுப்பி வையுங்க."

"அடுத்த வருசம் அனுப்பறனுங்க" என்றார் அப்பா. அந்த அடுத்த வருடம் வரவே இல்லை.

வாசித்து முடித்ததும் அப்பா பேத்தியை அணைத்துக்கொண்டார். "நம்மூட்டுல பாட்டெழுதுன மொத ஆளு இவதான்!"

"இல்லீங்கப்பா, இதுக்கு முன்னாடியே ஒருத்தி எழுதியிருக்கறா."

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

"ஆரு கண்ணு?"