கரை ஒதுங்கிய பலகை

இது நடந்தது போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு கூட்டமெல்லாம் கலைந்து, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்க ஆரம்பித்திருந்த நேரம். நடந்த இடம் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மீனவர் கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம்.

எனக்குக் காற்றாலையில் வேலை. எங்கள் பக்கம் அதைக் காத்தாடி என்றுதான் சொல்வார்கள். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் கரிசல் காட்டுக்குள் வரிசையாக நிற்கிற காத்தாடிகளில் ஏறி இறங்கிப் பழுது பார்ப்பவர்களில் நானும் ஒருவன். இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கொக்கி, உள்ளே நெட்டுக்குத்தாக ஏணி. காற்றுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் காற்றைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பும் கொஞ்சம் உண்டு.

இந்த நினைப்புதான் என்னைக் கைட்போர்டிங்கில் கொண்டுபோய் விட்டது. பெரிய பட்டம் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலில் ஒரு பலகையோடு, காற்று இழுக்கிற இழுப்பில் தண்ணீர் மேல் சறுக்கிப் போகிற விளையாட்டு. செல்போனில் பார்த்துப் பைத்தியம் பிடித்து, முறையாகக் கற்றுக்கொண்டு, பழைய பட்டமும் பலகையும் வாங்கிவிட்டேன். பலகையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றால், "என்ன அண்ணாச்சி, இஸ்திரி போடுத பலகைய எங்க கொண்டு போறிய?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். என் மனைவியோ, "காத்தாடியில தொங்குறது போதாதுன்னு கடல்ல வேற போய்த் தொங்குறாரு" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் புலம்பி ஓய்ந்துபோயிருந்தாள்.

அன்று என்னோடு வேலை பார்க்கிற தம்பி ஒருவனும் வந்தான். பட்டத்தை மேலே ஏற்றக் கரையில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அதற்கு. நாங்கள் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே போவோம். அந்த ஊரில் ஞாயிறன்று கடலுக்குப் போக மாட்டார்கள். படகெல்லாம் மணலில் ஏறிக் கிடக்கும், ஊரே மாதா கோவிலில் இருக்கும், பாட்டுச் சத்தம் கரை வரை கேட்கும். வலை கிடக்காத தண்ணீர், நம் இஷ்டத்துக்கு விளையாடலாம்.

அன்றைக்கு என்னவோ நேர்மாறாக இருந்தது. வலைகள் எல்லாம் கரையில் குவியல் குவியலாகக் கிடக்கின்றன, படகு ஒன்றைக்கூடக் காணோம். கோவிலிலிருந்து பாட்டும் இல்லை. தம்பி சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஞாயித்துக்கெழம அதுவுமா படகெல்லாம் எங்கண்ணே போச்சு? வலைய இங்கனயே போட்டுட்டுப் போயிருக்காங்க?" என்று கேட்டான்.

"பக்கத்து ஊர்ல கல்யாணமா இருக்கும்ல. நீ பட்டத்தப் பிடி" என்றேன்.

வலையைக் கரையில் போட்டுவிட்டுப் படகை மட்டும் எடுத்துக்கொண்டு எந்த மீனவர் கடலுக்குப் போவார்? யோசித்திருந்தால் புரிந்திருக்கும். யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை. தென்மேற்கிலிருந்து வருகிற மேல்காற்று அப்படி அடித்துக்கொண்டிருந்தது. கரையை ஒட்டி அடித்துக் கொஞ்சம் கடலுக்குள்ளேயும் தள்ளுகிற காற்று. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முதலில் அருமையாகத்தான் போனது. போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஒரு வீச்சு வந்து என்னை அப்படியே தூக்கி முன்னால் எறிந்தது. விழுந்து எழுந்து பார்த்தால் காலில் பலகை இல்லை. எனக்குப் பின்னால், காற்று வருகிற பக்கம், அலையில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இப்படிப் பலகை போய்விட்டால் எடுப்பதற்கு ஒரு முறை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நேராகப் பலகையைப் பார்த்துப் போகவே கூடாது. ஒரு கையைத் தண்ணீருக்குள் நீட்டி வைத்துக்கொண்டு, பட்டத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, அது இழுக்கிற இழுப்பில் குறுக்காகப் போக வேண்டும். பிறகு திரும்பி இந்தப் பக்கம் குறுக்காக வர வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பலகைக்குக் கொஞ்சம் கிட்டே போவோம். ஆனால் முதலில் பலகையை விட்டு விலகிப் போகிற மாதிரியே இருக்கும். அங்கேதான் பொறுமை வேண்டும்.

எனக்கு அந்தப் பொறுமை ஒரு திருப்பத்துக்குத்தான் இருந்தது. பலகை இதோ, கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடக்கிற மாதிரி இருக்கிறது, இதற்குப் போய் ஊரைச் சுற்றுவானேன் என்று தோன்றியது. பம்புசெட் கிணற்றில் மேலேயிருந்து குதித்து நீச்சல் படித்தவன் நான். காத்தாடியில் ஏறினால் எவன் சொன்னாலும் கொக்கியைக் கழற்றாதவன், நடுக்கடலில் இடுப்புக் கொக்கியைக் கழற்றிப் பட்டத்தை விட்டுவிட்டு, நீந்தியே எடுத்துவிடலாம் என்று கிளம்பினேன்.

கிணற்றுத் தண்ணீர் போட்டது போட்ட இடத்தில் கிடக்கும். கடல் அப்படியா? நான் கிட்டே போவதற்குள் ஓர் அலை பலகையைத் தூக்கி என்னைத் தாண்டி எறிந்தது. திரும்பித் துரத்தினேன். கை பட்டது, வழுக்கியது. மறுபடி துரத்தினேன். இன்னும் இரண்டு கை போட்டால் பிடித்துவிடலாம், இன்னும் இரண்டு கை போட்டால் பிடித்துவிடலாம் என்றே போய்க்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் மூச்சு வாங்க நின்று கரையைத் திரும்பிப் பார்த்தேன். பனைமரங்கள் கோடு கிழித்த மாதிரி தெரிந்தன. தம்பி தெரியவே இல்லை.

அப்புறம் நீந்தியதெல்லாம் கரையைப் பார்த்துதான். நீந்த நீந்தக் கரை கிட்டே வரவில்லை. மிதவைச் சட்டை போட்டிருந்ததால் மூழ்கவில்லை, அவ்வளவுதான். கை இரண்டும் செத்துப்போயின. உப்புத் தண்ணீர் வயிறு நிறைய. என் பெண்ணுக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஏதோ போட்டி, அதற்கு அட்டை வாங்கி வரச் சொல்லியிருந்தாள். வாங்காமல் போய்விட்டேனே என்று அழுகை வந்தது. சாகப் போகிறவனுக்கு என்னென்னவோ பெரிய நினைப்பெல்லாம் வரும் என்பார்கள். எனக்கு அந்த அட்டை நினைப்புதான் வந்தது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது. என்ஜின் சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள்: "ஏலே, ஆளு கெடக்கு! திருப்பு, திருப்பு!"

படகு என் பக்கத்தில் வந்து நிற்பதற்குள் ஒருவர் தண்ணீரில் குதித்துவிட்டார். என் முடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். முப்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. ஓர் ஆளை உயிரோடு கண்டுபிடித்தவரின் முகமாக அது இல்லை.

"இது அண்ணன் இல்ல" என்றார் படகில் இருந்தவர்களிடம். பிறகு உடனே, "உசுரு இருக்கு. தூக்குங்க" என்றார்.

எனக்கு எதுவும் புரியவில்லை. படகில் போட்டு, சாரம், அதாவது கைலி ஒன்றை எடுத்து என் மேல் போர்த்தி, தண்ணீர் கொடுத்தார்கள். வாயில் வார்த்தை வந்ததும் நான் கேட்ட முதல் விஷயம் என்ன தெரியுமா? "அண்ணாச்சி, என் பலகை அங்கன போயிக்கிட்டு இருக்கு. கொஞ்சம் எடுத்துத் தாங்களேன்." இதை எழுதும்போது எனக்கே என்னை அறையலாம் போல இருக்கிறது.

படகில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கோபப்படவில்லை. குதித்து என்னைத் தூக்கியவர்தான் சொன்னார்: "கண்ணுல பட்டா எடுத்துட்டு வாரோம் தம்பி. நீங்க பேசாமப் படுங்க."

இதற்குள் கரையில் தம்பி படகு கேட்டு ஊருக்குள் ஓடியிருக்கிறான். அங்கே ஆம்பளை ஒருவர்கூட இல்லை. பெண்கள் எல்லாரும் கரையோரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அப்போதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. முந்தின நாள் கடலுக்குப் போன ஒருவர் காற்றில் படகிலிருந்து தவறி விழுந்துவிட்டார். அந்த ஊரில் ஓர் ஆள் கடலில் தொலைந்தால் அவர் கிடைக்கிற வரை யாரும் மீன் பிடிக்க மாட்டார்களாம். வலையை இறக்கி வைத்துவிட்டு எல்லாப் படகும் தேடத்தான் போகுமாம். கடலில் மிதக்கிற துண்டுத் துணியைக்கூட விடாமல் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நான் கழற்றிவிட்ட பட்டத்தைக் கண்டு வந்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் என்னைக் கண்டார்கள்.

படகு கரையை நெருங்குவதை நான் படுத்தபடியே பார்த்தேன். பெண்கள் எழுந்து ஓடி வந்தார்கள். ஒரு படகு மட்டும் தனியாகத் திரும்பி வருகிறது, அதில் ஓர் ஆள் சாரம் போர்த்திக் கிடக்கிறான். கரையில் இருப்பவர்களுக்கு அது யார் என்று எப்படித் தெரியும்? ஒரு பக்கம் தம்பி என் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டு வருகிறான். அவனுக்கும் முன்னால் ஓர் அக்கா இடுப்பளவுத் தண்ணீருக்குள் வந்துவிட்டார். படகு விளிம்பைப் பிடித்து எட்டி, என் முகத்தைப் பாதி மறைத்திருந்த சாரத்தை விலக்கினார்.

பார்த்தார். அவ்வளவுதான். அழவில்லை. என்னைத் தூக்கியவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் இல்ல மைனி" என்றார் அவர் தன் அண்ணன் மனைவியிடம், தலையைக் குனிந்துகொண்டு.

அந்த அக்கா விலக்கிய சாரத்தைத் திரும்ப என் கழுத்து வரை இழுத்துவிட்டார். "பிள்ளைக்கு நடுங்குது பாரு. சூடா ஏதாவது குடுங்க யாராவது" என்று சொல்லிவிட்டு, மறுபடி போய் அந்தப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டார். என்னை இறக்கிவிட்ட அடுத்த நிமிஷமே படகு திரும்பியது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் தேட வேண்டிய நேரத்தை நான் தின்றுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. யாரோ கொடுத்த கடுங்காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படகு போன பக்கமே பார்த்திருந்தேன்.

வீட்டில் எனக்கு மறுபிறப்பு என்று சங்கரநயினார் கோவிலில் அர்ச்சனை செய்தார்கள். நானும் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் பேப்பரில் ஏதாவது வந்திருக்கிறதா என்று தினமும் தேடுவேன். ஒன்றும் வரவில்லை.

ஆவணி பிறந்த பிறகு தம்பியின் போனுக்கு ஓர் அழைப்பு. அன்று என்னைத் தூக்கியவர்தான். "ஒங்க பலகை கெடச்சிருக்கு தம்பி. வந்து எடுத்துக்கிடுங்க" என்றார். போனை வாங்கி, "அண்ணன்?" என்று கேட்டேன். "இல்ல தம்பி" என்றார்.

போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். போனேன். அவர்கள் வீட்டு வாசலில் சுவரோரம் பலகையைத் துடைத்து நிறுத்தி வைத்திருந்தார்கள். வடக்கே தீவுப் பக்கம் தேடப் போனபோது, தூரத்தில் மணலில் வெள்ளையாக ஏதோ கிடக்கிறது என்று படகுகள் எல்லாம் அடித்துப் பிடித்துப் போயிருக்கின்றன. போய்ப் பார்த்தால் என் பலகை. முதலில் என் முகம், அப்புறம் என் பலகை. அவர்களை இரண்டு தடவை ஏமாற்றிவிட்டேன்.

"எடுத்துட்டு வாரேன்னு சொல்லியிருந்தேம்லா" என்றார் அவர். கையெடுத்துக் கும்பிட்டேன்.

கிளம்பும்போது அந்த அக்கா உள்ளேயிருந்து வந்தார். மெலிந்துபோயிருந்தார். பலகையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"நீங்க காத்தாடி வேலை பாக்கிறவராம்லா? காத்தப் பத்தித் தெரியும்லா? இந்தக் காத்து இத இங்கன இருந்து தீவு வரைக்கும் கொண்டு போயிருக்கே. அதையும் தாண்டித் தள்ளுனா எங்க போவும்?"

"வடகிழக்காத் தள்ளும்க்கா. இலங்கைப் பக்கம்" என்றேன்.

"அப்ப அவரும் அங்கன எங்கயாவது கரை ஒதுங்கியிருப்பாருல்லா? ஆஸ்பத்திரில கெடந்து, பேச்சு வராம இருந்தா, யாருன்னு சொல்லத் தெரியாதுல்லா?"

அவருடைய கொழுந்தன் தலையைத் திருப்பிக்கொண்டார். மிதவைச் சட்டை போட்ட என்னையே அந்தக் கடல் ஒரு பகலில் என்ன பாடு படுத்தியது என்று எனக்குத் தெரியும். வெறும் ஆள் அந்தக் காற்றில் எவ்வளவு நேரம் தாங்குவார் என்றும் தெரியும். அந்த அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்கும்க்கா" என்றேன்.

அவர் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க முடியாமல் பலகையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அதன் பிறகு அந்த ஊருக்கு நான் போகவில்லை, பலகையையும் தண்ணீரில் இறக்கவில்லை. நான் சொன்னது ஆறுதலா ஏமாற்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மேல்காற்று அடிக்கிற ஒவ்வொரு நாளும், என் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா இன்னும் கரையில் உட்கார்ந்திருப்பாரோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.