மாலிப்டினைட்டும் தேன்மொழி மேடமும்

தேன்மொழி மேடம் காலமான செய்தி வந்தபோது என் மீசையில் பாதிக்குத்தான் மை பூசியிருந்தேன். மறுநாள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அப்பன் கிழவனாகத் தெரியக்கூடாதாம். போனை வைத்துவிட்டு அழுததில் மை வாய்க்குள் இறங்கிவிட்டது. “மொதல்ல துப்புங்கப்பா!” என்று மகள் கத்தினாள்.

கல்வராயன் மலையடிவாரத்தில் பாறையைத் துளைத்துக் கனிமம் தேடிய எங்கள் முகாமில் இருந்தவர்களுக்கு மேடத்தைத் தெரியும். அவர் புவியியலாளர். நான் ஜீப் டிரைவர், பத்தாவதில் இரண்டு முறை தோற்றவன். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று கல் பைகளில் பெயர் எழுதும் வேலையையும் எனக்குக் கொடுத்தார். ஒரு பையில் நானாக ஒரு பெயரை எழுதியதைப் பார்த்தவர், “தெரியலைன்னா தெரியலைன்னே எழுதுங்கண்ணே. அதுவும் ஒரு தகவல்தான்” என்றார்.

அங்கே கிடைத்த அரிய கல் மாலிப்டினைட். தொட்டால் விரலில் பென்சில் கரி போல ஒட்டும். பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். “கிரேக்கத்துல ஈயம்னு அர்த்தம்ணே” என்றார். மீதியைச் சொல்வதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். எனக்கு அரை வாக்கியமே முழுப் படிப்பு. அன்று மாலை பக்கத்து ஊர் டீக்கடையில் கால்மேல் கால் போட்டு, “இந்த மலைக்கு அடியில பூரா ஈயம்” என்று அறிவித்தேன்.

நான்காம் நாள் காலை ஊரே முகாமைச் சூழ்ந்துகொண்டது. முன்னால் அஞ்சலை, தோளில் துவண்டு கிடந்த பெண் குழந்தை.

“ரெண்டு நாளா வாந்தி, பேதி. நீங்க பாறையில ஓட்ட போட்டு எங்க கெணத்துல ஈயத்த எறக்கிட்டீங்களாமே?”

அவளுக்குப் பின்னால் கடப்பாரையோடு ஒருவர். “இன்னா பார்த்துக்கினு நிக்கிறீங்க? பதில் சொல்லாம ஒரு வண்டி நவுராது!”

மேடம் கல்லை எடுத்து வெள்ளைத்தாளில் கோடு இழுத்துக் காட்டினார்.

“இது ஈயம் இல்லீங்க. பார்க்க ஈயம் மாதிரி இருந்ததால, அந்தக் காலத்துல ஏமாந்துபோய் வெச்ச பேரு. வேற கல்லுன்னு தெரிஞ்ச பிறகும் பேரு மட்டும் நின்னுடுச்சு. இதுலேர்ந்து எடுக்கிறத இரும்போட சேர்த்தா சூடு தாங்கும். அதுக்குத்தான் தேடறோம்.”

“அப்ப கெணத்துல ஈயம் இல்லன்றியா?”

இல்லை என்று சொல்லித் தொலையுங்கள் மேடம் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“தெரியல” என்றார். கூட்டம் ஓரடி முன்னால் வந்தது. “பேர வெச்சு தண்ணிய சொல்ல முடியாது. கொழந்தையும் ஒரு பாட்டில் தண்ணியும் இப்பவே ஜீப்புல போகட்டும். சோதன முடிவு வர்ற வரைக்கும் நான் உங்க கெணத்தடியிலயே இருக்கேன்.”

“ஓடிட்டீன்னா?”

“இருக்கிற ஒரே வண்டியும் போயிடுது. இந்த வெயில்ல நடந்தா ஓடுவேன்?”

யாரோ சிரித்தார்கள். கடப்பாரை தரையில் இறங்கியது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் பின்சீட்டில் அஞ்சலை குழந்தையைக் கூப்பிட்டு எழுப்பிக்கொண்டே வந்தாள். அப்போது என் மகளுக்கும் அதே வயது. நான் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள், தெளிந்துவிட்ட குழந்தையோடும் ஆய்வு முடிவோடும் கிணற்றடிக்குத் திரும்பினேன். தண்ணீரில் ஈயம் இல்லை, கிருமி இருந்தது. காய்ச்சிக் குடிக்கச் சொன்னார் மேடம்.

“ஈயம்னு கெளப்பிவுட்ட பய எவன்?” என்றார் கடப்பாரைக்காரர்.

மேடம் என் பக்கம் திரும்பவேயில்லை. “பேரு வெச்சவங்களே ஏமாந்தாங்க. விடுங்கய்யா.”

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். தெரிந்ததைச் சொல்லும் தைரியம்தான் வரவில்லை. அன்று முகாமுக்குத் திரும்பும்போது ஜீப்பில் நாங்கள் இருவர் மட்டும். இரண்டு முறை வாயைத் திறந்தேன். முதல் முறை, “வெயில் ஜாஸ்தி மேடம்” என்றேன். அடுத்த முறை, “டீ சாப்பிடலாமா?” என்றேன்.

‘அதைக் கிளப்பிவிட்டது நான்தான் மேடம்’ என்று சொல்லவில்லை.